வீட்டை விற்பவர் சொல்லியே ஆக வேண்டியவை

வீடு வாங்கப் போகிறவருக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஈசி, அதாவது வில்லங்கச் சான்றிதழ், போட்டுப் பார், மூலப்பத்திரத்தை வாங்கிப் படி, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார், வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் எடு. எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அத்தனையும் வாங்குபவர் தலையில் விழும் வேலைகள். எதிரே உட்கார்ந்திருக்கும் விற்பவருக்குச் சட்டப்படி ஏதாவது பொறுப்பு உண்டா என்று பத்திர ஆபீஸ் வாசலில் கேட்டுப் பாருங்கள். ‘பார்த்து வாங்குவது அவரவர் சாமர்த்தியம்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அது தவறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆவது பிரிவு, விற்பவரின் கடமைகளைத்தான் முதலில் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையிலும் முதலில் நிற்பது, தெரிந்ததைச் சொல்ல வேண்டிய கடமை. சொத்திலோ அதன் மீதான தன் உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண அக்கறையோடு விசாரித்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைத் தானாகவே சொல்லியாக வேண்டும். இந்த விதியின் முழு பலமும் அதே பிரிவின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அப்படிச் சொல்லாமல் விடுவது மோசடி என்று அங்கே நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள்.

இது எவ்வளவு கடுமையான விதி என்பது பொதுவான ஒப்பந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறுமனே பேசாமல் இருப்பதைப் பொதுவாக மோசடியாக எடுத்துக்கொள்வதில்லை. பேச வேண்டிய கடமை இருந்தும் பேசாமல் இருந்தால்தான் அது மோசடி. பழைய பைக்கை விற்பவர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். வீட்டை விற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பேச வேண்டிய கடமையை 55ஆவது பிரிவே அவர் மீது வைத்துவிட்டது.

முக்கியமான குறை என்றால் எது? சட்டம் பட்டியல் போடவில்லை. 1834ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேய வழக்கில் பிறந்த அளவுகோலைத்தான் இந்திய நீதிமன்றங்களும் கையில் எடுக்கின்றன. இந்தக் குறை முன்பே தெரிந்திருந்தால் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்துக்கே வந்திருக்க மாட்டார் என்று நியாயமாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது முக்கியமான குறை. குளியலறைக் குழாய் சொட்டுவது இதில் சேராது. வீட்டுக்குப் போகும் பாதையே அடுத்தவர் நிலமாக இருப்பது சேரும்.

பாதை என்று சும்மா சொல்லவில்லை. அரியானா நிதிக் கழகம் ஏலம் விட்ட ஒரு தொழிற்கூடம் தொடர்பான வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் இதையே தீர்த்து வைத்தது. வாங்க முன்வந்தவர் முன்பணம் கட்டிய பிறகுதான் அந்த இடத்துக்குத் தனிப்பாதை இல்லை என்பது தெரிந்தது. அவர் பின்வாங்கினார், கழகம் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. 55ஆவது பிரிவின்படி சொல்ல வேண்டியதைக் கழகம் சொல்லவில்லை, அதனால் பறிமுதல் செல்லாது என்றது நீதிமன்றம். விற்றது அரசு நிறுவனம், விற்பனை ஏலத்தில் நடந்தது. அதற்கே இந்தக் கடமை உண்டென்றால், தனி ஆள் விற்கும் வீட்டுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவு பலமான விதி இருந்தும் ஏன் வாங்கியவர்கள் ஏமாந்து நிற்கிறார்கள்? ‘சாதாரண அக்கறையோடு விசாரித்தாலும் கண்டுபிடிக்க முடியாத’ என்ற நிபந்தனைதான் காரணம். பெரும்பாலான விற்பவர்கள் வழக்கில் தப்பிப்பது இந்த வாசல் வழியாகத்தான். சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய ஆவணம் பதிவாகியிருந்தால் அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. பதிவு செய்த அடமானம் ஒன்று ஈசியில் கிடக்கிறது, நீங்கள் ஈசியே போடவில்லை என்றால், விற்பவர் மறைத்துவிட்டார் என்று அழுது பயனில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் வேறொருவர் குடியிருந்தால் அவருக்கு அந்த வீட்டில் என்ன உரிமை இருக்கிறதோ அதுவும் வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. சென்னையில் இதன் விளைவைக் கண்கூடாகப் பார்க்கலாம். வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள். மாடியில் ஒரு குடும்பம். ‘வாடகைக்கு இருக்காங்க சார், ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவாங்க’ என்கிறார் உரிமையாளர். பதிவெல்லாம் முடிந்து நீங்கள் போய்க் கேட்டால், அவர்கள் மாத வாடகையே கொடுப்பதில்லை. பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து லீசுக்கு இருக்கிறார்கள். அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் காலி செய்வார்கள். ஒப்பந்தம் பதிவாகாத ஒரு முத்திரைத் தாளில் இருக்கும். ஈசியில் சுவடே இருக்காது. ‘குடியிருந்தவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்பதுதான் நீதிமன்றத்தில் முதல் கேள்வியாக வரும். வீட்டுக்காரரை விலக்கிவிட்டு, குடியிருப்பவரிடம் தனியாகப் பேசாமல் எந்த வீட்டையும் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, ஈசியும் பார்த்து, குடியிருப்பவரிடமும் பேசியாயிற்று. அப்போதும் வெளியே தெரியாத குறைகள் உண்டா? நிறைய உண்டு. விற்பவரின் கடமைக்கு உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, மூலப்பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்து வைத்துக் கடன் வாங்குவது. சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நகரங்களில் அசல் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது ஒரு வகை அடமானம் ஆகிவிடும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டால் பதிவும் தேவையில்லை. இப்போதெல்லாம் வங்கிகள் பத்திரம் ஒப்படைத்ததற்கான குறிப்பாணையைப் பதிவு செய்கின்றன. வங்கிக் கடன்களுக்கென்று மத்தியப் பதிவேடும் 2011 முதல் இருக்கிறது. ஆனால் தெரிந்த பைனான்ஸ்காரரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் இந்த எதிலும் வராது. ‘அசல் பத்திரம் வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு, போலீஸ்ல கண்டுபிடிக்க முடியலைன்னு சான்று வாங்கித் தரேன்’ என்று விற்பவர் சொன்னால் மிகவும் நிதானமாக விசாரிக்க வேண்டியது இதற்காகத்தான். உண்மையிலேயே தொலைந்தும் இருக்கலாம். எது உண்மை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் வழக்கு. இதுதான் எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிற இடம். அதே சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, ஒரு சொத்தின் மீது வழக்கு நடக்கும்போது அதை வாங்கியவர், வழக்கு இருப்பது தெரியாமலே வாங்கியிருந்தாலும், வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இந்தப் பிரிவைத் திருத்தி, வழக்கு இருப்பதைப் பதிவு செய்தால்தான் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் என்று வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. பாகம் கேட்டு அண்ணன் மீது தங்கை போட்ட வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும்; ஈசி சுத்தமாக இருக்கும். நீதிமன்றங்களின் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்தான். இனிஷியல் மாறியிருந்தால், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால், அதுவும் கைவிட்டுவிடும். விற்பவருக்கு மட்டும் வக்கீல் பீஸ் கட்டிய தேதி வரை தெரியும்.

மூன்றாவது, விட்டுப்போன வாரிசு. உயில் எழுதாமல் தகப்பனார் இறந்துபோனால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே உண்டு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கு வந்தது. மத்தியச் சட்டம் 2005இல் அந்த வேறுபாட்டை எடுத்தது. 2005 செப்டம்பரில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் ‘தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு’ என்று சொல்லி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்றும் நடக்கிறது. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாதவரை அந்தப் பெண்ணின் பங்கு அப்படியே இருக்கிறது. தனக்கு ஒரு தங்கை உண்டு என்பது விற்பவருக்குத் தெரியாத செய்தியா?

மைனர் பங்கும் இப்படித்தான். கணவர் இறந்த பிறகு வீட்டை விற்கும் தாய், குழந்தைகளின் பங்குக்கும் சேர்த்துக் காப்பாளராகக் கையெழுத்துப் போடுவார். குழந்தைக்கு வந்த அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அது இல்லாத விற்பனையை, குழந்தை மேஜராகி மூன்று ஆண்டுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். இதைப் பற்றித் தெரியாமல் நல்ல எண்ணத்தோடு விற்கும் தாய்மார்களே அதிகம். அவர்களை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். குறை இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமும் கேட்பது நியாயமானதே.

பதிவு அலுவலகம் இதையெல்லாம் சரிபார்த்துத்தானே பதிகிறது என்ற நம்பிக்கை மக்களிடம் பரவலாக இருக்கிறது. சொத்து யாருடையது என்று முடிவு செய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு தன் பதிவு விதிகளில் 2022இல் கொண்டுவந்த 55-ஏ விதியின் முக்கியப் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது சொன்னதும் இதுதான்: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்கு, பத்திரம் பதிவாகிவிட்டது என்பதைத் தாண்டி அர்த்தம் கிடையாது.

உரிமைக் குறையில் விற்பவரை இன்னொரு விதியும் பிடித்து வைத்திருக்கிறது. நான் விற்பதாகச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது, அதை மாற்றிக் கொடுக்கும் அதிகாரமும் இருக்கிறது என்ற உறுதிமொழியை, பத்திரத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே 55(2) எடுத்துக்கொள்கிறது. விற்பவருக்குக் குறை தெரிந்திருந்ததா என்ற கேள்வியே இங்கே எழாது. நம் கிரயப் பத்திரங்களில் ‘யாதொரு முன் வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்’ என்று டாக்குமென்ட் ரைட்டர்கள் வழக்கமாக எழுதும் வாசகமும் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. பத்துப் பக்கப் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகும் பத்தி அது. தகராறு வரும் நாளில் வக்கீல் முதலில் புரட்டுவதும் அந்தப் பத்தியைத்தான்.

ஆனால் இந்த உறுதிமொழி உரிமைக்கு மட்டும்தான். சுவருக்கும் தண்ணீருக்கும் இல்லை. கட்டடக் குறை என்று வந்தால் முதலில் சொன்ன கடமையை நம்பித்தான் நிற்க வேண்டும். அங்கே வழுக்கல் அதிகம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முடிச்சூர் பக்கம் பதினைந்து வருட வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணீர் ஏறியது. உரிமையாளர் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, புது பெயின்ட் அடித்து, கோடையில் விற்பனைக்கு விடுகிறார். போய்ப் பார்ப்பவருக்கு வீடு பளிச்சென்று இருக்கிறது. இங்கே விற்பவர் சொல்லியாக வேண்டுமா? வாங்குபவர் மூழ்கிய வீடு என்று தெரிந்தால் வாங்கியிருக்க மாட்டார், அதனால் முக்கியமான குறைதான் என்று ஒரு வக்கீல் வாதிடுவார். அந்தப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது ஊருக்கே தெரியும், பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், சாதாரண அக்கறையில் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். என் கணிப்பில், வாங்குபவர் வாய் திறந்து எதுவும் கேட்காமல் இருந்திருந்தால் எதிர்த்தரப்பின் கைதான் ஓங்கும்.

ஆனால் அடித்தளம் இறங்கி விரிசல் விட்ட சுவரை வேண்டுமென்றே பூசி மறைத்தால் கதை வேறு. அது வெறும் மௌனம் இல்லை. தெரிந்த உண்மையைச் செயலால் மறைப்பதும் மோசடி என்று ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. மௌனத்தால் ஏமாந்தவரிடம்தான் ‘நீ சரியாகப் பார்த்திருக்கலாமே’ என்று 19ஆவது பிரிவு கேட்கிறது. பூசி மறைத்தவருக்கு அந்தக் கேடயம் எளிதில் கிடைக்காது. பிரச்சினை என்னவென்றால், பூசியது மறைக்கவா அழகுக்கா என்று நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர்தான். கொத்தனாரைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நடக்கிற காரியமா?

இதனால்தான் 55ஆவது பிரிவின் இன்னொரு வரியை நான் இந்த விஷயத்தின் உயிர் என்று நினைக்கிறேன். 55(1)(சி): சொத்தைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ வாங்குபவர் கேட்கும் பொருத்தமான எல்லாக் கேள்விகளுக்கும், தனக்குத் தெரிந்த அளவில் விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும். இதில் கண்டுபிடிக்க முடியுமா முடியாதா என்ற நிபந்தனையே கிடையாது. கேள்வி கேட்டால் போதும். வெள்ளம் வந்ததா என்று கேட்டு, ‘ஒரு சொட்டுத் தண்ணி வரலை சார்’ என்று பதில் வந்து, அது பொய் என்றால், அது தெரிந்தே சொன்ன பொய். பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கலாமே என்ற வாதம் அப்போது வெகுவாகப் பலம் இழக்கிறது.

ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? கேள்விகள் கேட்கப்படுகின்றன. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, காபி குடித்துக்கொண்டே, புரோக்கர் நடுவில் நின்று ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க’ என்று முந்திக்கொண்டு பதில் சொல்ல, எல்லாம் வாய்வார்த்தையாகவே போய்விடுகிறது. தகராறு என்று வரும்போது யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. வாங்குபவர்களின் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதத்தை இப்படித்தான் காற்றில் விடுகிறார்கள். அதே கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கினாலே நிலைமை எவ்வளவோ மேல். கிரய ஒப்பந்தத்தில் கேள்வியும் பதிலுமாக ஒரு இணைப்பு வைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் அதைவிட உறுதியான சாட்சி வேறு வேண்டாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1980களிலேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. வீடு விற்பவர் மாநிலம் வகுத்த படிவம் ஒன்றை நிரப்பி வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். நிலம் இறங்கியதுண்டா, வெள்ளமோ வடிகால் பிரச்சினையோ உண்டா, அனுமதி இல்லாமல் அறை சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா, அக்கம்பக்கத்தில் இரைச்சல் தொல்லை உண்டா, வழக்கு ஏதாவது நடக்கிறதா என்று கேள்விகள் நேருக்கு நேராக இருக்கும். இங்கிலாந்தில் ‘வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்’ என்ற பழைய கொள்கை இன்னும் நிற்கிறது. இருந்தாலும் விற்பவர் நிரப்பித் தரும் சொத்து விவரப் படிவம் அங்கே நடைமுறையில் ஊறிப்போன ஒன்று. பொய்யாக நிரப்பினால் நஷ்டஈடு கட்ட வேண்டியதுதான். நம்மிடம் சட்டம் இவற்றை விடப் பழையது, கேட்காமலே சொல்ல வேண்டும் என்கிறது, சொல்லாவிட்டால் மோசடி என்கிறது. இல்லாதது அந்த ஒரு தாள்தான். ஆதார் நகலும் போட்டோவும் கைரேகையும் கேட்கும் பதிவுத்துறை, விற்பவர் கையெழுத்திட்ட ஒரு பக்க விவரப் படிவத்தையும் கேட்டால் நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்குகள் பிறக்காமலே போகும். இதில் பெரிய செலவும் இல்லை. உரிமையை ஆராயும் அதிகாரமும் பதிவு அதிகாரிக்குத் தேவையில்லை. சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் நடந்த மரணத்தைச் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தற்கொலை நடந்த வீடு, கொலை நடந்த வீடு என்றால் நம் ஊரில் விலை சட்டென்று இறங்கும், வாங்க ஆளே வராமலும் போகலாம். 55ஆவது பிரிவு சொத்திலும் உரிமையிலும் உள்ள குறையைத்தான் பேசுகிறது. செங்கலிலும் பத்திரத்திலும் எந்தக் குறையும் இல்லாத வீட்டின் பழைய துயரம் அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. கலிபோர்னியா இதற்கும் கோடு போட்டிருக்கிறது: மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட மரணத்தைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அந்தக் கடைசிப் பாதி நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இப்படி ஒரு வீட்டில் இருக்க மனம் ஒப்பாதவர், அதை மூடநம்பிக்கை என்று யாராவது சொல்வார்களோ என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, திட்டத்தின் உரிமை விவரம், வில்லங்கம், அனுமதி எல்லாவற்றையும் பொதுவில் வைக்கச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து சொன்னால், 30 நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டியது கட்டுநர் பொறுப்பு. நிலத்தின் உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் நஷ்டஈடு கேட்கக் காலவரம்பே கிடையாது. ஆனால் அதே பிளாட்டை முதலில் வாங்கியவர் சில வருடம் கழித்து உங்களுக்கு விற்றால், அவர் கட்டுநர் இல்லை என்பதால் ரேரா அவரைத் தொடாது. தனி ஆள் வீட்டை விற்பது ‘சேவை’ என்ற வகைக்குள் வராததால் நுகர்வோர் ஆணையத்திலும் அவர் மீது பெரிதாக வழி இல்லை. மறுவிற்பனை வீடு வாங்குபவருக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் துணை. அசோசியேஷனுக்கு எவ்வளவு பாக்கி, கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா வாய்ப்பேச்சில் இருக்கிறதா, யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கின், கணக்கு மொத்த நிலத்தோடு ஒத்துப்போகிறதா, மொட்டை மாடியில் கட்டிய கூடுதல் அறைக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் அங்கே கேட்டே வாங்க வேண்டிய பதில்கள். விற்பனை நாள் வரையிலான சொத்து வரி போன்ற பாக்கிகள் விற்பவர் பொறுப்பு என்று 55(1)(ஜி) சொல்லிவிட்டது. அதில் சண்டைக்கே இடமில்லை.

மனை என்றால் கேட்க வேண்டியது இன்னும் கூடுகிறது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவா, வரன்முறைக்கான வரம்புத் தேதியான 2016 அக்டோபர் 20க்கு முன்பு விற்ற மனையா, அதை வரன்முறைப்படுத்தினார்களா என்பது ஒன்று. பட்டாவில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்பது மற்றொன்று. 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை மற்றவருக்கு விற்க முடியாது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அந்தக் குறை போகாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்னால் விலை இறங்கும் என்று பயப்படுகிறார்கள். இறங்கலாம். ஆனால் எழுத்தில் சொல்லிவிட்ட குறையை வைத்து உங்கள் மீது மோசடி வழக்குப் போட முடியாது, ஏனென்றால் வாங்குபவருக்கு அது தெரிந்துவிட்டது. சொல்லாத குறை அப்படி அடங்காது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கான மூன்று ஆண்டுக் கணக்கு, வாங்கியவருக்கு உண்மை தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. விற்ற பணத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்து, மீதியில் வேறு வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் சம்மன் வரலாம். ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள 55ஆவது பிரிவு இடம் கொடுப்பது உண்மைதான். கண்ணுக்குத் தெரியும் தேய்மானத்துக்கு அந்த வரி உதவும். தெரிந்தே மறைத்த குறைக்கு அதை நம்பி நீதிமன்றம் போவது ஆபத்து.

கடமை ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பவருக்குத் தன் உரிமையின் அளவு தெரியாமல், வாங்குபவருக்கு அது தெரிந்திருந்து, அது சொத்தின் மதிப்பைக் கணிசமாகக் கூட்டும் என்றால், வாங்குபவரும் வாய் திறந்தாக வேண்டும். உதாரணத்துக்கு, தனக்குப் பாதிப் பங்குதான் என்று நினைத்து ஒரு பாட்டி விற்க வருகிறார். உண்மையில் முழுதும் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியும். அங்கே மௌனம் மோசடி. இதற்கும் அதே கடைசிப் பத்திதான். அந்தப் பக்கம் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்ற தகவலைச் சொல்ல வேண்டியதில்லை; அது விற்பவரின் உரிமையைப் பற்றியது இல்லை.

இவ்வளவையும் எப்போது செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதிவு நாளன்று டோக்கன் போட்டுக் காத்திருக்கும்போது கேள்வி கேட்டுப் பயனில்லை. அன்றைக்குள் வங்கிக் கடன் பாஸாகி, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக மதிப்பில் பொதுவாக 9 சதவீதம் கட்டியாகிவிட்டது. பின்வாங்க மனம் வராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். பதில் வந்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள். பதில் பொய் என்று பதிவுக்கு முன்பே தெரிந்து நீங்கள் நியாயமான காரணத்தோடு விலகினால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பிணை உரிமையை 55(6)(பி) தருகிறது. விற்பவர் கையில் பணம் இல்லை என்று கைவிரித்தாலும், வழக்கில் அந்த வீட்டைக் காட்டி வசூல் கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத அட்வான்ஸுக்கு மட்டும் அதை நிரூபிக்க வழி இருக்காது. அதனால் முன்பணம் ஒரு ரூபாயானாலும் வங்கி வழியாகவே போகட்டும்.